மஞ்சள் காரின் உள்ளாள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் துளசிமணி ஒரு மஞ்சள் காருக்குள் ஏறினாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் இறங்கவில்லை. நடந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் கருக்கம்பாளையத்துச் சனங்கள் செய்தது, அதைச் சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

கருக்கம்பாளையம் பைபாஸில் கார் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் துளசிமணியின் வீட்டுக்காரன் திருமூர்த்தி. முன்கண்ணாடியை எப்படிக் கழற்றுவார்கள் என்று தெரியாதவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் பாதியில் நிறுத்திக் கேட்கக் கூடாது. கண்ணாடியைச் சுற்றிலும் கறுப்புப் பசை கல்லாய் இறுகியிருக்கும்; அதில் ஊசியால் ஓட்டை போட்டு முறுக்குக் கம்பி ஒன்றை நுழைத்து, ஒரு முனையை வண்டிக்குள் இருக்கிற ஆளும் மறு முனையை வெளியே நிற்கிற ஆளும் ஆளுக்கொரு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ரம்பம் அறுப்பதுபோல இழுத்தும் விட்டும் இழுத்தும் விட்டும் ஒரு சுற்று வந்தால் பசை அறுந்து கண்ணாடி கையோடு வந்துவிடும். உள்ளே இருப்பவர் உள்ளாள், வெளியே நிற்பவர் வெளியாள். வெளியாள்தான் "இழு" என்பார், "விடு" என்பார்; உள்ளாளுக்குப் பேச்சு கிடையாது. கல்யாணமான மறு மாசத்திலிருந்து பதினெட்டு வருசமாகத் துளசிமணி உள்ளாள். லாரி, வேன், ஆம்புலன்ஸ், எம்.எல்.ஏ. வண்டி, கல்யாண வண்டி என்று எதெதிலோ உட்கார்ந்து கம்பி இழுத்திருக்கிறாள், ஒன்றையாவது ஓட்டத் தெரியுமா என்றால் தெரியாது. உள்ளே இருந்து பார்த்தால் அவள் கண்ணுக்குத் தெரிவது புருசனின் பெல்ட்டும் அதன் மேல் சரிந்த தொப்பையும்தான். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும்.

திருப்பூரில் புதிதாக ஒரு பெரிய கண்ணாடிக் கம்பெனி திறந்திருந்தார்கள். போன மாசம், ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் துளசிமணி அங்கே போய், யாரோ ஒரு பெண்ணை உள்ளே உட்காரவைத்து, தான் வெளியே நின்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக "இழு" என்றாள். இருபது நிமிசத்தில் கண்ணாடி கைக்கு வந்தது. வருகிற மாசம் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள், வெளியாளாகவே எடுத்துக்கொள்கிறோம், அன்றைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றார்கள். அதைப் புருசனிடம் சொல்ல வாயெடுப்பாள், சோறு போட்டுவிட்டு எழுந்துபோவாள். அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போதுதான் மஞ்சள் கார் வந்து சேர்ந்தது.

அது ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டிவந்தவன் நந்தகிஷோர், ஸ்பின்னிங் மில் முதலாளி வீட்டுப் பையன், முப்பது வயசு. ஊருக்குள் நுழைந்து கடைக்கு வருவதற்குள் இருந்த நாலு வேகத்தடையிலும் காரின் அடிவயிறு உரசியது, நாலிலும் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து பலகை வைத்துத் தாண்டவிட்டார்கள். அவிநாசி ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனபோது கல் தெறித்து, கண்ணாடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நட்சத்திரம் விழுந்து, அதிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

திருமூர்த்திக்கு ஒரு வியாதி உண்டு. வண்டி எவ்வளவு குள்ளமோ ஆள் அவ்வளவு பெரியவர் என்பது அவன் கணக்கு, பெரியவர் எதைச் சொன்னாலும் தலை தானாக ஆடிவிடும். கம்பி போட்டு அறுக்கும்போது ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும், அடைத்த வண்டியில் கண்ணாடியை அறுக்கவே கூடாது என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் மீறினதுமில்லை. நந்தகிஷோர், "சீட்டெல்லாம் வெள்ளைங்க, ரோட்டுத் தூசி ஏறிக்கும், கதவச் சாத்திக்குங்க, ஏசி ஓடட்டும்" என்றான். உள்ளே காலை மடக்கிக் குறுகி உட்கார்ந்திருந்த துளசிமணி, "ஏனுங்க, கதவு..." என்று ஆரம்பித்தாள். திருமூர்த்தி அதற்குள், "சரிங்க சார், சாத்திக்கலாமுங்க" என்று சொல்லிச் சாத்திவிட்டான். காற்றுக்கு என்று சன்னல் மட்டும் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

இழு, விடு, இழு, விடு. கம்பி ஒரு சுற்று வந்தது. திருமூர்த்தியும் நந்தகிஷோரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கண்ணாடியைத் தூக்கிக் கொண்டுபோய் ஸ்டாண்டில் சாய்த்தார்கள். சாய்த்துவிட்டுப் பார்த்தால், அந்தக் கண்ணாடியில் வெடிப்பு இல்லை. கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கி வந்ததுபோலப் பளபளவென்று இருந்தது. திரும்பிக் காரைப் பார்த்தார்கள். கண்ணாடி இல்லாத இடத்தில், வெறும் காற்றில், அந்த ஒரு ரூபாய் நட்சத்திரமும் சாண் நீள வெடிப்பும் அப்படியே நின்றுகொண்டிருந்தன. துளசிமணி கையை நீட்டினாள், காற்று இடித்தது. கதவைத் தள்ளினாள், திறக்கவில்லை. அவள் கையிலிருந்த கம்பி மட்டும் அந்த இறுகிய காற்றின் கீழ்மூலையில் ஊசி முனை அளவு ஓட்டை வழியே வெளியே வந்து, மறு முனைக் கட்டையோடு பானட் மேல் கிடந்தது.

"கதவு சாத்தி அறுத்தா இப்புடித்தான் ஆகுமாட்டிருக்குது" என்றான் திருமூர்த்தி. அதற்கு மேல் அதைப்பற்றி யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

சுத்தியல் கொண்டுவந்து அடித்தார்கள், சுத்தியல் துள்ளித் திரும்பியது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து கதவை அறுத்துப் பார்த்தார்கள், பிளேடு மழுங்கியது, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, சித்திரை வெயில், தார் இளகுகிற வெயில். காற்றில் நின்ற வெடிப்பு 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு ஒரு விரல் நீளம் கூடியதைத் துளசிமணி பார்த்தாள். அடுத்த அரை மணி நேரத்தில் திருமூர்த்தி நந்தகிஷோரிடம், "பேட்டரி எறங்கிருமுங்க, ஏசி வேண்டாம், சாவிய எடுத்துட்டுத் தூரமாப் போயிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நர்சரியிலிருந்து பச்சை வலை வாங்கிவந்து, கார் மூக்குக்கு முன்னால் ஒரே ஒரு மூங்கிலை நடுக்கம்பமாக நட்டு, காரை மூடிப் பந்தல் கட்டினான். பானட் மேல் கிடந்த கம்பி யார் காலையும் தடுக்காதபடி மூங்கிலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டையை அதிலேயே மாட்டிவைத்தான். ஊரே அவனை மெச்சியது. பொண்டாட்டிமேல் எவ்வளவு பாசம் பார் என்றார்கள்.

அப்புறம் ஊர் வேலையை ஆரம்பித்தது.

ஒரு விரல்கடைச் சந்தில் எதெது நுழையும் என்று முதலில் கண்டுபிடித்தார்கள். தோசை நுழையும், இட்லி நுழையாது. அப்பளம் நுழையும், ஆனால் நொறுங்கும். வெற்றிலை, கடலைமிட்டாய், வாழைப்பழம் நீளவாக்கில் அறுத்தால் அதுவும். பேக்கரி ஷாஜி பாலக்காட்டுக்காரர், முட்டை பப்ஸை எப்படித் தட்டையாகச் செய்வது என்று ஒரு ராத்திரி யோசித்து, மறுநாள் பூரிக்கட்டையால் உருட்டி உருட்டி ஒரு காகிதப் பப்ஸ் போட்டார். அது துளசிமணிக்குப் போனதைவிட மற்றவர்களுக்கு விற்றதுதான் அதிகம். டீ உறிஞ்சுகுழலில் போனது. மற்ற உபாதைகள் அவளுக்கு வரவில்லை. கதவை அடைத்தது எதுவோ அதுவே அதையும் அடைத்துவிட்டது என்று பெண்கள் மட்டும் காதோடு காதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு நிம்மதியாகப் போனார்கள்.

புதன்கிழமை வார்டு மெம்பர் ராமாத்தாள் வந்தார். ராமாத்தாள் எதையும் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. குடியிருக்கிற இடத்துக்குக் கதவு எண் இல்லாமல் இருக்கலாமா என்று கேட்டு, பெயிண்டரைக் கூட்டிவந்து கார்க் கதவில் 4/117ஏ என்று எழுதவைத்தார். வியாழக்கிழமை மகளிர் குழுக் கூட்டத்தைப் பந்தலுக்கு அடியிலேயே போட்டார்கள், நோட்டைச் சந்தில் நுழைத்துத் துளசிமணியிடம் கையெழுத்து வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை புது பைக் வாங்கினவர்கள் கோவிலுக்குப் போகிற வழியில் நிறுத்தி அவளிடம் காட்டிவிட்டுப் போனார்கள், மாரியம்மன் சப்பரம் பந்தல் முன்னால் நின்று கற்பூரம் காட்டிவிட்டு நகர்ந்தது, பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், மாமியாரோடு சண்டை போட்டு வந்த மருமகளும், அவள் போனபின் அந்த மாமியாரும், சன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதுவிட்டு மனசு லேசாகி எழுந்துபோனார்கள். எல்லாரும் போகும்போது ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "சௌரியமா இருக்குதா அம்மிணி?" துளசிமணியும் செவ்வாய்க்கிழமை "இல்லீங்க" என்றாள், புதன்கிழமை "பரவால்லீங்க" என்றாள், வெள்ளிக்கிழமை அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே "அவளுக்கென்ன, நெம்ப சௌரியம்" என்று பக்கத்தில் இருந்தவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். எப்போது வெளியே வருவாய் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அவளுக்கு மூச்சு முட்டியது. காற்றில்லாமல் முட்டவில்லை, சாக்கை நனைத்துப் பந்தல்மேல் போட்டுக் குளுகுளுவென்றுதான் வைத்திருந்தார்கள். இத்தனை அன்பு சேர்ந்து நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதால் முட்டியது.

நந்தகிஷோர்கூடப் பழகிவிட்டான். திருமூர்த்தி சொன்னபடி சாயங்காலம் சாவியைக் கடைக்கு நாலு கட்டிடம் தள்ளி வைத்துவிட்டு வந்து, பானட் மேல் சாய்ந்து நின்று, "அக்கா, உண்மையச் சொல்றேன், இத வாங்கி ரெண்டு வருசத்துல மூணே மூணு எடத்துக்குத்தான் போயிருக்கேன், எங்க போனாலும் ஸ்பீட் பிரேக்கர்" என்று வருத்தப்பட்டான். அவனுக்கும் போக இடமில்லை என்று தெரிந்தபோது துளசிமணிக்கு அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

திருமூர்த்திதான் ரொம்ப மாறிப்போயிருந்தான். மூன்று வேளையும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, மடக்கு நாற்காலியைச் சன்னல் ஓரம் போட்டு உட்கார்ந்து, பதினெட்டு வருசத்தில் பேசாத பேச்செல்லாம் பேசினான். சின்ன வயசில் கிணற்றில் விழுந்தது, அப்பா அடித்தது, அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குச் செருப்பு அறுந்தது. குனிந்து உட்கார்ந்ததால் முகமும் தெரிந்தது. நல்ல முகம்தான். இந்த முகத்தை முன்பே காட்டியிருக்கலாமே என்று அவளுக்கு இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ராமாத்தாள் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்: பச்சை வலை எத்தனை நாளைக்குத் தாங்கும், நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குத் தகரக் கூரை ஏற்றப்போகிறோம், நாலு பக்கமும் செவுரு, துளசிமணிக்கு இனிமேல் ஒரு சொட்டு வெயில் படாது. எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டல் முடியும்வரை துளசிமணி காற்றில் நின்ற வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு விரல் ஓடின வெடிப்பு. பந்தல் போட்டதிலிருந்து ஒரு நூல்கூட நகராத வெடிப்பு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெடிப்பு விழுந்த கண்ணாடியோடு கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், பதினெட்டு வருசமாக, ஒரு நாள் தவறாமல், திருமூர்த்தி சொல்லி அனுப்புகிற வார்த்தை ஒன்று உண்டு: "வெயில்ல நிறுத்தி ஏசி போட்றாதீங்க, மேல சூடு, உள்ள குளிரு, வெடிப்பு சல்லுனு ஓடிரும், கண்ணாடி கையில வந்துரும்." நிழல்ல நிறுத்துங்க. ஈரச் சாக்குப் போடுங்க. ஏசி வேண்டாம்.

கூட்டம் கலைந்தபின் அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவள் கேட்டாள்.

"ஏனுங்க, இந்தப் பச்ச வலையக் கட்டுனது எனக்கு வெயில் படக்கூடாதுன்னா, வெடிப்புக்கு வெயில் படக்கூடாதுன்னா?"

திருமூர்த்தி தோசையைப் பிய்த்தான், வாயில் வைக்கவில்லை.

"திருப்பூர்லருந்து போன் வந்துச்சு" என்றான் கடைசியில். "போன வாரம். நீ குளிச்சிட்டிருந்த. திங்கக்கெழம வரச் சொல்லுங்கன்னாங்க. நீ சொல்லுவீன்னு பாத்தேன். சொல்லல."

"அதுக்கு?"

"வேணும்னு கதவச் சாத்தல, துளசி. அது சத்தியமா அந்த ஆளு சொன்னாரேன்னு சாத்துனது. ஆனா வெடிப்பு 'டிக்'குனு ஓடுனது எனக்கும் கேட்டுச்சு. ஓடிட்டா நீ எறங்கிருவ, எறங்குனாப் போயிருவ. திங்கக்கெழம தாண்டட்டும், அப்பறம் வலைய எடுத்துக்கலாம்னுதான்..." பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டான். "நீ உள்ள இருக்கயில எனக்குப் பயமில்லாம இருக்குது."

துளசிமணிக்குக் கோபம் வந்தது. சும்மா வந்த கோபமில்லை. "பதினெட்டு வருசமா உள்ளதானே இருக்கறேன்" என்றாள். "இதுக்குமேல இன்னும் எவ்வளவு உள்ள போறது?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தகரம் ஏற்றிய டெம்போ வந்து நின்றது. சனம் கூடிவிட்டது. துளசிமணி ராமாத்தாளைக் கூப்பிட்டு, வலையைக் கழற்றச் சொல்லுங்கள், எனக்கு வெயில் வேண்டும் என்றாள். "வெந்து போயிருவ கண்ணு" என்றார் ராமாத்தாள். நாளைக்கு நான் வேலைக்குப் போக வேண்டும் என்றாள். "இங்கயே இருந்து என்ன வேலை வேணாலும் பாரு, எல்லாரும் கொண்டாந்து தர்றோம்" என்றார்கள் மகளிர் குழுவில். ஷாஜி காகிதப் பப்ஸ் ஒன்றைச் சந்தில் நுழைத்தார். கெட்டவர்கள் யாராவது அடைத்து வைத்திருந்தால் திட்டியாவது தீர்க்கலாம், இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

"தம்பி" என்று நந்தகிஷோரைக் கூப்பிட்டாள். "சாவிய எடுத்துட்டுப் பக்கத்துல வந்து நில்லுங்க." அவன் ஒரு நிமிசம் யோசித்தான், அப்புறம் ஓடிப்போய் எடுத்துவந்து நின்றான். அந்த வண்டிக்குச் சாவி அருகில் இருந்தால் போதும்; அவள் பொத்தானை அமுக்கினாள், எஞ்சின் உறுமியது, ஏசியை முழுக்கத் திருகிவைத்தாள். குளிர் வந்தது. ஆனால் மேலே வலை, வலைக்கு மேலே ஈரச் சாக்கு. வெடிப்பு அசையவில்லை.

அவள் ஆறு நாளாகச் சீட்டுக்கு அடியில் கிடந்த மரக்கட்டையைக் கையில் எடுத்தாள். அதிலிருந்து கம்பி, காற்றின் மூலையிலிருந்த ஊசித் துளை வழியாக வெளியே போய், பந்தலின் நடு மூங்கிலை ஒரு சுற்றுச் சுற்றி, மறு கட்டையில் முடிந்திருந்தது. திருமூர்த்தி அந்த மூங்கிலுக்குப் பக்கத்தில்தான் நின்றான். பெல்ட்டும் தொப்பையும் தெரிந்தன.

"ஏனுங்க, அந்தக் கட்டைய எடுங்க" என்றாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. எடுக்கவில்லை.

"நீங்க புடிக்காட்டி அறுபடாது. ஒத்தக் கையில ஆகற வேலையில்ல இது, உங்களுக்குத் தெரியாததா. எடுங்க."

தொப்பை ஏறி இறங்கியது. டெம்போக்காரன் தகரத்தை இறக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கை கீழே வந்து கட்டையை எடுத்தது. பழக்கத்தில் அவன் வாய் திறப்பதற்குள் துளசிமணி சொன்னாள்:

"இழுங்க."

அவன் இழுத்தான்.

"விடுங்க."

விட்டான். இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க. கம்பி மூங்கிலைக் கடித்தது, தூள் பறந்தது, என்ன செய்கிறார்கள் என்று சனத்துக்கு உடனே விளங்கவில்லை, விளங்கியபோது ராமாத்தாள், "டேய் மூர்த்தி, பைத்தியமாடா உனக்கு" என்று தோளைப் பிடித்து இழுத்தார். அவன் அழுதுகொண்டே, கையை நிறுத்தாமல், அவள் சொன்ன தாளத்துக்கு இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்தான். மூங்கில் முறிந்தது. பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஈரச் சாக்குகளோடு வலை சரிந்து தரையில் விழுந்து, சித்திரை மாசத்து வெயில் மொத்தமும் மஞ்சள் கார் மேல் இறங்கியது.

டிக் என்றது. காற்றில் நின்ற வெடிப்பு ஒரு விரல் ஓடியது. டிக், ஒரு சாண். அப்புறம் நிற்கவேயில்லை, கிளை விட்டு, கிளைக்குக் கிளை விட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் சல்லென்று ஓடி, ஓட இடமில்லாமல் போனதும் மொத்தமாக மறைந்துவிட்டது. சில்லு ஒன்றும் விழவில்லை. தார் வாசனையோடு சூடான காற்று துளசிமணி முகத்தில் அடித்தது. கதவு தானாகக் 'கிளிக்' என்று விட்டுக்கொடுத்தது, அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடி இல்லாத முன்பக்கம் வழியாகவே சேலையைச் செருகிக்கொண்டு ஏறி, பானட்டில் உட்கார்ந்து, சறுக்கி இறங்கி, தரையில் நின்றாள். கால் மரத்துப்போயிருந்தது.

யாரும் கை தட்டவில்லை. ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "அப்ப 4/117ஏ?" என்றார் ராமாத்தாள். "தகரம்?" என்றான் டெம்போக்காரன். ஷாஜி மட்டும் இத்தனை நாள் கொடுக்க முடியாமல் போன தேங்காய் பன் ஒன்றை, முழு உருண்டையாக, கையில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை நின்றபடியே தின்று முடித்தாள்.

"அக்கா" என்றான் நந்தகிஷோர் தயங்கி. "கண்ணாடி?"

அதுதானே. வந்த வேலை அப்படியே கிடந்தது. ஸ்டாண்டில் சாய்த்திருந்த பழையதைத் திரும்ப மாட்ட யாருக்கும் தைரியமில்லை, புதுக் கண்ணாடி ஆறு நாளாகப் பெட்டியில் காத்திருந்தது. துளசிமணி கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியில் ஒட்டித் தூக்குகிற உறிஞ்சுபிடி ரெண்டை எடுத்து ஒன்றை நந்தகிஷோரிடம் கொடுத்தாள். பசையை வழித்துப் பூசினாள். கண்ணாடியை இறக்கும்போது உள்ளேயிருந்து ஓரம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவள் திருமூர்த்தியைப் பார்த்தாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, முக்கி, தொப்பையை மடக்கி, அந்தக் குள்ளக் காருக்குள் தன்னை நுழைத்தான். உட்கார்ந்ததும் தூசி வரக்கூடாதே என்ற நினைப்பில் கை கதவைப் பிடித்து இழுத்தது. துளசிமணி காலை நீட்டி, செருப்பைச் சந்தில் கொடுத்துக் கதவை நிறுத்தினாள்.

"தொறந்தே இருக்கட்டுங்க" என்றாள்.

அவளும் நந்தகிஷோரும் கண்ணாடியைத் தூக்கினார்கள். உள்ளேயிருந்து மெல்லக் குரல் கேட்டது.

"துளசி, இங்கருந்து உன் மூஞ்சி தெரியலியே. இடுப்பு மட்டுந்தான் தெரியுது."

"ஆமாங்க, அப்புடித்தான் இருக்கும்" என்றாள் அவள். "நாளைக்கு ஏழே காலுக்கு எனக்குப் பஸ்சு. இப்ப ஓரத்தப் பாத்துச் சொல்லுங்க."